‘பையைத் திறந்து காட்டுங்க’ என்று செக்யூரிட்டி சொன்னால் காட்டியே ஆகணுமா? தனியார் காவலர்களின் அதிகாரம் எதுவரை?

போன பொங்கலுக்கு முந்தின வாரம். காட்டுமன்னார்கோயிலிலிருந்து என் சித்தி மகள் துணி எடுக்கச் சிதம்பரம் போயிருந்தாள். ஒரு ஜவுளிக்கடையில் ரெண்டு சுடிதார், அம்மாவுக்கு ஒரு புடவை. பணம் கட்டி, கவரை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மணி மாலை ஏழு தாண்டியிருந்தது. வாசலில் நின்ற செக்யூரிட்டி பில்லைக் கேட்டார். கைப்பையில் தேடினாள், இல்லை. கவரில் தேடினாள், இல்லை.

“பையைத் திறந்து காட்டு பாப்பா.”

காட்டினாள். அதற்குள் சூப்பர்வைசர் ஒருவர் வந்து, “உள்ளே வாங்க, மேனேஜர் ரூம்ல பேசிக்கலாம்” என்றார். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். போனை மேஜை மேல் வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். கடைசியில், பில்லைப் புடவையின் மடிப்புக்குள் பில்லிங் கவுன்டர் பெண்ணே வைத்துவிட்டது தெரிந்தது. “சாரிமா” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது, பஸ் குமராட்சி தாண்டுகிற நேரத்தில் எனக்கு போன் பண்ணினாள். அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “அண்ணா, நான் எழுந்து வந்திருக்கலாமா?”

வந்திருக்கலாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம். ஏனென்றால் இது அவள் ஒருத்தியின் கேள்வி இல்லை. ஏடிஎம், தியேட்டர், சூப்பர் மார்க்கெட், ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட் கேட், ஐடி பார்க் என்று ஒரு நாளில் நாம் கடக்கிற வாசல்களில் போலீஸைவிட செக்யூரிட்டிகளைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

*சீருடை இருக்கிறது, அதிகாரம்?*

தனியார் காவலர்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது: தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005. 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தாலும், ‘காவலருக்கு இன்னின்ன அதிகாரம் உண்டு’ என்று ஒரு பிரிவுகூடக் கிடைக்காது. யார் ஏஜென்சி நடத்தலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம், என்ன பயிற்சி தர வேண்டும், லைசென்ஸை எப்போது ரத்து செய்யலாம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் வேலை.

அப்படியென்றால் வாசலில் நிற்பவருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று, கடைக்காரரிடமிருந்து. தன் இடத்துக்குள் யார் வரலாம், எங்கே வண்டி நிறுத்தலாம், எப்போது கடையைச் சாத்தலாம் என்று முடிவு செய்யும் உரிமை உரிமையாளருக்கு இருக்கிறது. அதை அவர் சார்பில் நின்று செய்பவர் காவலர். இரண்டாவது, சட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் கொடுத்திருக்கிற ஒரு சின்ன அதிகாரம். அது எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு, டீக்கடை மாஸ்டருக்கும் உண்டு. செக்யூரிட்டிக்கு அதற்கு மேல் ஒரு அங்குலமும் கிடையாது.

நம் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல ஒப்பீடு இருக்கிறது. நெய்வேலி என்எல்சியில் காவலுக்கு நிற்பது மத்திய தொழில் பாதுகாப்புப் படை. 1968-ம் ஆண்டுச் சட்டம் அந்தப் படைக்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் சோதனையிடவும் குறிப்பிட்ட சூழல்களில் அதிகாரம் தந்திருக்கிறது. அவர்களுக்கும் எல்லை உண்டு. 2014 மார்ச்சில் அங்கே ஒரு வீரர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்தபோது நெய்வேலியே கொந்தளித்தது நினைவிருக்கலாம். ஆனால் அந்தப் படைக்கு ஒரு சட்டம் இருக்கிறது, பதில் சொல்ல ஒரு அரசு இருக்கிறது. துணிக்கடை வாசலில் நிற்பவரிடம் இருப்பது ஒரு விசிலும் கடை முதலாளியின் உத்தரவும்தான்.

*‘பிடிச்சு வெச்சிருக்கோம் சார்’*

அந்தச் சின்ன அதிகாரம் பிஎன்எஸ்எஸ் எனப்படும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலை 1 வரை இருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 43-வது பிரிவு. தனிநபர் ஒருவர் இன்னொருவரைக் கைது செய்யலாம் என்று அது சொல்கிறது. ஆனால் மூன்று கட்டுகளைப் போட்டுத்தான் சொல்கிறது.

குற்றம் *அவர் முன்னிலையில்* நடந்திருக்க வேண்டும். சந்தேகம் போதாது. சேல்ஸ் பையன் சொன்னார், பிறகு கேமராவை ஓடவிட்டுப் பார்த்தோம் என்பதெல்லாம் இதில் சேராது. போலீஸ் நியாயமான சந்தேகத்தின் பேரில் கைது செய்யலாம். தனிநபர் செய்ய முடியாது. பெரிய வித்தியாசம் இதுதான். என் தங்கை விஷயத்தில் பில் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். அவள் எதையும் திருடியதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, அவள் திருடவே இல்லையே.

அடுத்து, போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, அதே நேரத்தில் ஜாமீனில் விட முடியாத வகைக் குற்றமாக அது இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. (நீதிமன்றம் ‘தலைமறைவுக் குற்றவாளி’ என்று அறிவித்தவரை மட்டும் யாரும் பிடிக்கலாம்.)

மூன்றாவது, பிடித்தவரைத் தாமதம் இல்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய சட்டத்தில் ‘தேவையற்ற தாமதமின்றி’ என்று மட்டும்தான் இருந்தது. இந்த 6 மணி நேரம் புதுசு. இதைச் சிலர் ‘6 மணி நேரம் வரை உட்கார வைத்து விசாரிக்கலாம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். விசாரிப்பது, எழுதி வாங்குவது, மன்னிப்பு வீடியோ எடுப்பது எதற்கும் அதில் இடமில்லை. ஸ்டேஷன் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஊரில், ஒருவரை நாலு மணி நேரம் குடோனில் வைத்திருந்ததற்குக் காரணம் சொல்லவும் முடியாது.

*300 ரூபாய் லிப்ஸ்டிக்கும் புதிய சட்டமும்*

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். திருட்டு என்றாலே ஜாமீன் இல்லாத குற்றம் என்பது பழைய கதை. பிஎன்எஸ் எனப்படும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவில், திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்து, முதல்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், தண்டனை சிறை இல்லை, சமூக சேவை. அந்த வகைத் திருட்டில் ஜாமீன் உண்டு. வாரண்ட் இல்லாமல் போலீஸே கைது செய்ய முடியாது. போலீஸால் முடியாததைச் செக்யூரிட்டி எப்படிச் செய்வார்?

ஆனால் ‘அப்போ 4,999 ரூபாய் வரைக்கும் ஓகேவா?’ என்று கேட்காதீர்கள். பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டுக்குத் தனியாக 305-வது பிரிவு இருக்கிறது. ஏழு ஆண்டு வரை சிறை, ஜாமீன் கிடையாது. கடையில் நடந்ததை அந்தப் பிரிவில் பதிவு செய்தால் கதையே மாறிவிடும். கோயில் சிலைத் திருட்டையும் அதே 305-ல்தான் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். வீரநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

எந்தப் பிரிவு என்று வக்கீல்களே வாதாடும் விஷயத்தை, 12 மணி நேரம் நின்று கால் வலிக்கிற ஒரு வாட்ச்மேன் ஒரு நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தப்பாக முடிவு செய்தால் சிக்குவது அவரும்தான். வழியை மறித்தால் பிஎன்எஸ் 126: ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அறைக்குள் அடைத்து வைத்தால் 127: ஓராண்டு வரை. பூட்டு போட்டால்தான் அடைத்து வைத்தல் என்றில்லை. வெளியே போகவிடாமல் கதவை மறித்து நின்றாலே போதும். கை வைத்தால் 115. பெண்ணிடம் தவறான நோக்கத்தோடு கை வைத்தால் 74. அது வேறு லெவல்.

பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு, விதிவிலக்கான சூழல் தவிர, போலீஸே கைது செய்யக் கூடாது என்பது பொது விதி. ஏழு மணிக்கு மேல் ஒரு பெண்ணை ‘உள்ளே வாங்க’ என்று அழைத்துப் போய் உட்கார வைத்தவர்கள் இதை ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

*பை, பாக்கெட், போன்*

பையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். நீங்கள் சம்மதித்தால் பார்க்கலாம். ‘முடியாது’ என்றால் கட்டாயப்படுத்த முடியாது. மிஞ்சிப்போனால் ‘அப்படின்னா உள்ளே விட முடியாது’ என்று சொல்லலாம். மாலிலும் தியேட்டரிலும் நடப்பது இதுதான். பரிசோதனைக்குச் சம்மதித்தால்தான் உள்ளே அனுமதி என்கிற நிபந்தனை. வெளியே போகும்போது அந்த நிபந்தனையைக் காட்டி நிறுத்தி வைக்க முடியாது.

சட்டப்படி ஒருவரைத் தனிநபர் கைது செய்திருந்தாலும், உடலைச் சோதிக்கும் அதிகாரம் அவருக்கு வராது. பிஎன்எஸ்எஸ் 49-வது பிரிவு, யாரிடம் ஒப்படைக்கிறார்களோ அந்தப் போலீஸ் அதிகாரிக்குத்தான் அதைத் தருகிறது. பெண்ணாக இருந்தால் பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியம் குறையாமல். போனை வாங்கி வைப்பது, லாக் எடுக்கச் சொல்வது, கேலரியைப் பார்ப்பது? செக்யூரிட்டி, மேனேஜர், முதலாளி யாருக்கும் அந்த உரிமை இல்லை.

‘திருடினால் பத்து மடங்கு அபராதம்’ என்று எழுதி ஒட்டியிருப்பார்களே? அபராதம் போட கடை ஒன்றும் கோர்ட் இல்லை. போலீஸைக் கூப்பிடுவேன், ஃபோட்டோவைப் போடுவேன் என்று மிரட்டிப் பணம் வாங்கினால் அது மிரட்டிப் பணம் பறித்தல், பிஎன்எஸ் 308. சுவரில் படம் ஒட்டி ‘திருடி’ என்று எழுதினால் அவதூறு வழக்கு தனியாக வரும்.

*உள்ளே விட மறுப்பது மட்டும் முழு உரிமையா?*

அதுவும் இல்லை. சாதியைக் காட்டிக் கடையிலோ ஓட்டலிலோ தியேட்டரிலோ அனுமதி மறுப்பது 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி தியேட்டரில் என்ன நடந்தது? கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை ‘பத்து தல’ படத்துக்கு உள்ளே விடாமல் வாசலில் ஊழியர் மறித்தார். வீடியோ பரவிய பிறகுதான் படம் பார்க்க முடிந்தது. யு/ஏ சான்றிதழ் படம், கூட சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. ஊர் ஏற்கவில்லை, ஊழியர்கள் மீது வழக்கு பதிவானது.

உடைக்கும் ஒரு கதை உண்டு. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைக் கிளப் போன்ற இடங்களில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வாசலில் நின்று தடுத்தவர் யார் உத்தரவைச் செய்தார், யார் மாட்டிக்கொண்டிருப்பார் என்று யோசித்தால், நம் வாட்ச்மேன் அண்ணன்களின் நிலைமை புரியும்.

*அந்தப் பக்கம் நிற்பவரின் கதை*

ஏரிக்கரைக் கிராமத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து, காலை 8 முதல் இரவு 8 வரை நின்றுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களை வீராணம் பக்கத்து ஊர்களில் நிறையப் பார்க்கலாம். வயல் வேலை குறைந்த வயதில் இந்த நீலச் சட்டைக்கு வந்தவர்கள். என் தங்கையிடம் அந்தக் காவலர் கடைசியில் சொன்னாராம்: “தப்பா நெனைக்காத பாப்பா. பில் இல்லாம விட்டா என் சம்பளத்துல புடிப்பாங்க.”

அப்படிப் பிடிக்கவும் முடியாது. இழப்புக்காகச் சம்பளத்தில் கை வைக்க வேண்டுமென்றால், பொருள் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதாகவும், இழப்பு அவருடைய அலட்சியத்தால் வந்ததாகவும் இருக்க வேண்டும். அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். ‘கடையில் பொருள் குறைந்தது, எல்லோருக்கும் 500 பிடி’ என்பது சட்டத்தில் இல்லை. கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை கட்டாயம் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தப்பட்டது. வாசலில் நிற்பவருக்கு எத்தனை கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள் என்று அடுத்த முறை கவனியுங்கள்.

2005 சட்டப்படி ஏஜென்சி காவலருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 65-ஐத் தாண்டக் கூடாது. மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி என்கின்றன. அதில் தற்காப்பு உரிமை, எஃப்ஐஆர் பதிவு செய்வது எப்படி என்பதும் பாடம். உண்மையில் பாதிப் பேருக்கு யூனிஃபார்ம் அளவு எடுத்த நாள்தான் ‘டிரெய்னிங்’ நாள். புகைப்பட அடையாள அட்டை கொடுக்க வேண்டும். சட்டையில் ஏஜென்சியின் பேட்ஜ் இருக்க வேண்டும். போலீஸ், ராணுவம் போலத் தோன்றும் உடை போட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், போட்டவருக்கு மட்டுமல்ல, ஏஜென்சி முதலாளிக்கும். லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம். லைசென்ஸ் கட்டணம் ஒரு மாவட்டத்துக்கு வெறும் 5,000 ரூபாய் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

காட்டுமன்னார்கோயில் மாதிரி ஊர்களில் இன்னொரு சிக்கல். கல்யாண மண்டபம், அரிசி மில், நகைக்கடை போன்ற இடங்களில் முதலாளியே தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார். அவர் ஏஜென்சி மூலம் வராததால் இந்தச் சட்டத்தின் பயிற்சி, அடையாள அட்டை விதிகள் எதுவும் அவருக்குப் போய்ச் சேராது. கம்பு, டார்ச், அவ்வளவுதான்.

அந்தக் கம்போடு இரவில் தனியாக நிற்பது விளையாட்டில்லை. 2025 நவம்பரில் ராஜபாளையம் அருகே தேவதானம் கோயிலில் இரவுக் காவலுக்கு இருந்த இரண்டு பேரைக் கொன்றுவிட்டார்கள். தாக்க வருபவரைத் தடுக்க, திருப்பி அடிக்கக் காவலருக்கு உரிமை உண்டு. எல்லோருக்கும் இருக்கிற தற்காப்பு உரிமைதான் அது. தன் உயிருக்கும், காவல் காக்கும் சொத்துக்கும் பொருந்தும். தேவைக்கு மேல் போகக் கூடாது, போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அழைக்க வேண்டும். ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து, கட்டிப் போட்டு அடிப்பது தற்காப்பு ஆகாது.

கட்டிப் போட்டு அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அட்டப்பாடி இருக்கிறது. 2018 பிப்ரவரியில், கடையில் அரிசி திருடினார் என்று ஒரு பழங்குடி இளைஞரைக் கும்பல் பிடித்து, கைகளைக் கட்டி, செல்ஃபி எடுத்து, போலீஸிடம் ‘ஒப்படைத்தது’. ஆஸ்பத்திரி போகும் வழியில் அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது.

சந்தேகம் எந்தப் பக்கமும் பாயும். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில், காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று பக்தர் ஒருவர் புகார் சொன்னார். சந்தேகம் விழுந்தது கோயிலின் தற்காலிகக் காவலாளி மீது. 27 வயது. போலீஸ் விசாரணையில் ஜூன் 28 அன்று இறந்துபோனார். போலீஸார் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. ‘திருட்டு’ என்கிற ஒரு வார்த்தைக்கு முன்னால் சட்டையின் நிறம் யாரையும் காப்பாற்றவில்லை.

*சரி, வாசலில் நிறுத்தினால் என்ன செய்வது?*

சத்தம் போட வேண்டியதில்லை. “என்ன காரணத்துக்காக நிறுத்துறீங்க, அண்ணா? எடுத்ததை நீங்க பார்த்தீங்களா?” என்று கேளுங்கள். பையைக் காட்ட விருப்பம் இருந்தால், எல்லோரும் பார்க்கிற இடத்தில், நீங்களே திறந்து காட்டுங்கள். தனி அறைக்குப் போகாதீர்கள். “சந்தேகம் இருந்தா போலீஸைக் கூப்பிடுங்க, நான் இங்கேயே நிக்கிறேன்” என்பது நிறைய நேரங்களில் விஷயத்தை முடித்துவிடும். அவர்கள் கூப்பிடாவிட்டால் நீங்களே 112-க்கு அடிக்கலாம். தள்ளிவிட்டு ஓடுவது மட்டும் வேண்டாம். உண்மையிலேயே யாராவது எதையாவது பார்த்திருந்தால் அது உங்களுக்கு எதிராகப் போகும்.

அடைத்து வைத்தாலோ அடித்தாலோ போலீஸில் புகார் கொடுக்கலாம். சம்பவம் சிதம்பரத்தில் நடந்தாலும் காட்டுமன்னார்கோயில் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். எல்லை பார்க்காமல் வாங்க வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 173 சொல்கிறது. நேரத்தைக் குறித்து வையுங்கள், அன்றைய கேமரா பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சில நாளில் தானாக அழிந்துவிடும். காவலர் பேட்ஜில் உள்ள ஏஜென்சி பெயர் முக்கியம். வக்கீல் செலவுக்குப் பயம் இருந்தால் 15100 என்ற எண் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. அரசு ஆஸ்பத்திரி வாசலில் உள்ளே விடக் காசு கேட்டால் தலைமை மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள், அல்லது 104.

தங்கை புகார் எதுவும் கொடுக்கவில்லை. “அந்தத் தாத்தாவுக்கு வேலை போயிடும்ணா” என்றாள். அறைக்கு அழைத்துப் போனது அவர் இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. இப்போதெல்லாம் பில் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறாள்.